கட்டைவிரல் காட்டும் வாசல்: பேஸ்பாலில் மேனேஜரும் நடுவரும்

பேஸ்பால் விளையாட்டின் விதிநூல் திட்டவட்டமாகத் தடுக்கும் ஒரு செயலை, அவ்விளையாட்டின் வழக்கம் நூறாண்டுக்கும் மேலாகப் பொறுத்தும் ஒருவகையில் ரசித்தும் வந்திருக்கிறது. நடுவர் ஒரு தீர்ப்பை அறிவிக்கிறார். அது தம் அணிக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று கருதும் மேனேஜர் மைதானத்துக்குள் விறுவிறுவென்று நடந்து வந்து, நடுவரின் முகத்துக்கு நேரே நின்று வாதிடுகிறார். வாதம் ஓர் எல்லையைத் தாண்டியதும் நடுவர் கையை உயர்த்தி வீசி அவரை ஆட்டத்திலிருந்து வெளியேற்றுகிறார். வெளியேற்றப்பட்டவரோ உடனே போய்விடாமல், இனி இழப்பதற்கு ஏதுமில்லை என்ற துணிவில், சொல்ல வந்ததை முழுவதும் சொல்லித் தீர்த்துவிட்டே போகிறார். தீர்ப்பு மாறப்போவதில்லை என்பது அவ்விருவருக்கும் தெரியும். அரங்கில் அமர்ந்திருக்கும் பல்லாயிரம் பேருக்கும் தெரியும். மாறாத தீர்ப்புக்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்று ஆராயப் புகுந்தால், அது கோபத்தின் வெடிப்பாக மட்டும் நிகழவில்லை என்பதும், தம் ஆட்களுக்காகத் தண்டனையைத் தாமே வாங்கிக்கொள்ளும் ஒரு தலைமைக் கடமை அதற்குள் ஒளிந்திருக்கிறது என்பதும் புலப்படும். அந்த வாதத்துக்கான காரணங்களைக் கேமராக்கள் ஒவ்வொன்றாகப் பறித்துவரும் இன்றைய நிலையில், அதில் காக்கத் தக்கது எது, கழிக்கத் தக்கது எது என்று பிரித்தறிவது பயனுடையது.

சீருடை அணிந்த தலைவர்

பிற விளையாட்டுகளில் தலைமைப் பயிற்சியாளர் எனப்படுபவருக்கு அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ‘மேனேஜர்’ என்று பெயர். ‘கோச்’ என்ற சொல், அவருக்குக் கீழே இருந்து பேட்டிங், பிட்சிங் முதலியவற்றைக் கவனிப்போரையும், ஓடுவோர் தொட வேண்டிய ‘பேஸ்’ என்னும் நிலைகளுள் முதலாவது, மூன்றாவது ஆகியவற்றின் அருகே நின்று அவர்களுக்குச் சைகை காட்டுவோரையும் குறிக்கும். கிரிக்கெட்டில் களத்தில் நிற்கும் கேப்டன் எடுக்கும் முடிவுகளையெல்லாம், அதாவது பந்து எறிபவரை மாற்றுவது போன்றவற்றையும், பதிலி ஆட்டக்காரரை இறக்கும் முடிவையும், பேஸ்பாலில் மேனேஜரே எடுக்கிறார். ஆட்டக்காரர்களைப் போலவே சீருடை அணிந்து, ‘டக்அவுட்’ எனப்படும் களத்தோரக் கூடத்தில் அமர்ந்திருக்கும் அவர், பந்து எறிபவரான பிட்சரை மாற்றுவதற்காக ஆட்டத்துக்கு ஓரிரு முறையேனும் களத்துக்குள் நடந்து வருவது இயல்பான காட்சி. வேறெந்தப் பெரிய விளையாட்டிலும் அணியின் பயிற்சியாளருக்குக் கிடைக்காத இந்த நடந்து வரும் உரிமையே, நடுவரை நோக்கி நடக்கும் பழக்கத்துக்கும் வழி திறந்துவிட்டது எனலாம். இதற்கு விலக்காக வாழ்ந்தவரும் உண்டு. பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணியை 1901 முதல் 1950 வரை ஐம்பது பருவங்கள் நடத்திய கானி மேக், சீருடைக்குப் பதிலாகக் கோட்டும் டையும் அணிந்தவர். களத்துக்குள் கால் வைக்காமல், டக்அவுட்டிலிருந்தே சைகை காட்டி அணியை நடத்தினார்.

எதிரே நிற்கும் நடுவரின் பணியையும் அறிந்தால்தான் பிணக்கின் வேர் தெரியும். மேஜர் லீக் எனப்படும் உயர்நிலைத் தொடரின் வழக்கமான ஆட்டங்களில் நான்கு நடுவர்களும், பருவத்தின் இறுதிச் சுற்றுகளில் ஆறு நடுவர்களும் பணியாற்றுகின்றனர். அவர்களுள் ஒருவர், பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் பின்னால் குனிந்து நின்று, ஒவ்வொரு பந்தும் ‘ஸ்ட்ரைக்’ மண்டலத்தினூடே வந்ததா என்று தீர்மானிக்கிறார். அம்மண்டலம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி; அதன் அகலம் தரையில் பதிக்கப்பட்ட ஹோம் பிளேட்டின் 17 அங்குலம்; உயரம் பேட்டரின் முழங்காலின் கீழ்விளிம்பில் தொடங்கி அவருடைய மார்பளவு வரை நீள்வது. பெட்டிக்குள் வந்தும் பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து ஸ்ட்ரைக். வெளியே போனதை அவர் அடிக்க முயலாமல் விட்டால் அது ‘பால்’. மூன்று ஸ்ட்ரைக்குகளில் பேட்டர் ஆட்டமிழக்கிறார். நான்கு பால்களில் இலவசமாக முதல் பேஸுக்குச் செல்கிறார். 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படும் பந்து அரை விநாடிக்கும் குறைந்த நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். வரும் வழியில் வளையவும் செய்யும். அத்தகைய பந்துகளில், பேட்டர் மட்டையால் சந்திக்காத ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் தவறே செய்யாமல் இருந்தால்தான் வியப்பு.

விதி சொல்வதும் வழக்கம் சொல்வதும்

இந்த விஷயத்தில் விதிநூல் மயக்கத்துக்கு இடமே வைக்கவில்லை. ஒருவர் ஆட்டமிழந்தாரா இல்லையா, பந்து ஸ்ட்ரைக்கா பாலா என்பன போன்ற, கண்டறிந்து முடிவுசெய்யும் தீர்ப்புகள் அனைத்தும் இறுதியானவை. ஸ்ட்ரைக், பால் பற்றி வாதிடுவதற்காக மேனேஜரோ கோச்சோ தம் இடத்தை விட்டு வருவது கூடாது; வரத் தொடங்கினால் எச்சரிக்கப்பட வேண்டும்; மீறித் தொடர்ந்தால் வெளியேற்றப்பட வேண்டும். தீர்ப்பை எதிர்ப்பதற்காகவோ பண்பற்ற நடத்தைக்காகவோ எவரையும் வெளியேற்றும் அதிகாரம் ஒவ்வொரு நடுவருக்கும் உண்டு. வெளியேற்றப்பட்டவர் உடை மாற்றும் அறைக்குள்ளேயே இருந்துவிட வேண்டும். அல்லது வெளியுடை மாற்றி அரங்கை விட்டுப் போக வேண்டும். அல்லது தம் அணியின் டக்அவுட்டுக்குத் தொலைவில் பார்வையாளர் வரிசையில் அமர வேண்டும். கிரிக்கெட் நடுவர்களுக்கு ஆட்டக்காரரைக் களத்திலிருந்து அனுப்பும் அதிகாரத்தை அவ்விளையாட்டின் சட்டங்கள் 2017ஆம் ஆண்டில்தான் வழங்கின என்பதை நினைத்தால், பேஸ்பால் நடுவரிடம் எத்தனை காலமாக எத்தனை பெரிய ஆயுதம் இருந்துவருகிறது என்பது விளங்கும்.

இத்தனை இறுக்கமான விதியின் நிழலில் எழுதப்படாத ஓர் இலக்கணம் வளர்ந்தது. அதன் முதல் நெறி, தீர்ப்பைத் தாக்கலாம், தீர்ப்பளித்தவரைத் தாக்கக் கூடாது என்பது. ‘அந்தத் தீர்ப்பு படுமோசம்’ என்று கத்தும் மேனேஜரை நடுவர் கத்தவிடுவார். ‘நீ படுமோசம்’ என்று முன்னிலைக்கு மாறிய கணத்தில் கை உயரும். வசைச்சொல் பேசுவதற்கும் அதே அளவுகோல் பொருந்தும். பொதுவாகப் புலம்பலில் கலந்துவரும் வசை காற்றோடு போகும், நடுவரைக் குறிவைத்த வசை போகாது. இரண்டாம் நெறி, எவ்வளவு நெருங்கினாலும் உடலைத் தொடக் கூடாது என்பது. சின்சினாட்டி ரெட்ஸ் மேனேஜராக இருந்த பீட் ரோஸ், 1988 ஏப்ரல் 30 அன்று நடுவர் டேவ் பலோனைத் தள்ளியதற்காக 30 நாள் இடைநீக்கமும் 10,000 டாலர் அபராதமும் பெற்றார். மூன்றாம் நெறி, காணொளியையோ வேறு சான்றையோ கையில் பிடித்துக்கொண்டு நடுவரைக் கூட்டத்தின் முன் சிறுமைப்படுத்தக் கூடாது என்பது. தரையில் கோடு கிழித்து, பந்து இங்கேதான் போயிற்று என்று நடுவருக்குப் பாடம் எடுக்கும் பேட்டர் பேச்சே இல்லாமல் வெளியேற்றப்படுவது இதனால்தான்.

மண்ணில் கிழித்த கோடு

இந்த இலக்கணம் உருவாவதற்கு முன்பு நிலவியது ஏறத்தாழ காட்டு நியாயம். 1890களின் பெரிய தொடரான நேஷனல் லீக்கில் நடுவரை வசைபாடுவதும் மிரட்டுவதும் ஆட்ட உத்தியாகவே கருதப்பட்டன. அந்தக் கலையில் பேர்போன பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியில் ஆடி வளர்ந்தவர் ஜான் மெக்ரா. நடுவரின் அதிகாரத்தைக் காப்பதைக் கொள்கையாக அறிவித்து பான் ஜான்சன் என்பவர் அமெரிக்கன் லீக்கை 1901இல் பெரிய லீக்காக நிலைநிறுத்தியபோது, அதில் மேனேஜராகச் சேர்ந்த மெக்ரா அடுத்த ஆண்டிலேயே அவரோடு மோதி, இடைநீக்கம் பெற்று, நேஷனல் லீக்கின் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்குத் தாவினார். அங்கே 1932 வரை முப்பது ஆண்டுகள் கோலோச்சி, ‘குட்டி நெப்போலியன்’ என்று பெயரும் பெற்று, வெளியேற்றங்களின் எண்ணிக்கையில் எழுபத்தைந்து ஆண்டுகள் எவரும் தாண்டாத ஓர் உயரத்தை விட்டுச்சென்றார்.

அவருக்கு ஈடாக மறுபக்கம் நின்றவர் பில் கிளெம். 1905 முதல் 1941 வரை நேஷனல் லீக் நடுவராக இருந்த அவர், வாதம் முற்றும்போது ஷூவின் நுனியால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, அதைத் தாண்டி வருபவர் ஆட்டத்தில் இருக்க முடியாது என்று அறிவித்துவிட்டுத் திரும்பி நடப்பார். கத்துவதற்கு உரிமை கோட்டுக்கு அப்பால் உண்டு, இப்பால் இல்லை. கட்டுக்கடங்காத சினத்துக்கு ஒரு வேலி கட்டி, அந்த வேலிக்குள் அதை மேய விட்ட அந்தக் கோடுதான் பிற்கால வாதங்கள் அனைத்துக்கும் முன்மாதிரி. ‘கெளுத்தி’ என்ற மீன்பெயரால் அழைக்கப்படுவதை மட்டும் கிளெம்மால் பொறுத்துக்கொள்ள முடியாது. அச்சொல் காதில் விழுந்தால் கோடு கிழிக்கும் வரைகூடக் காத்திருக்க மாட்டார். 1953இல் பேஸ்பாலின் புகழ்க்கூடமான ‘ஹால் ஆஃப் ஃபேம்’ நடுவர்களுக்குக் கதவு திறந்தபோது, முதலில் நுழைந்த இருவரில் அவர் ஒருவர்.

திருப்பிப் போட்ட தொப்பி

வாதத்தை ஒரு நிகழ்த்துகலையாக உயர்த்தியவர் என்று பால்டிமோரின் ஏர்ல் வீவரைச் சொல்வதில் எவருக்கும் மறுப்பிருக்காது. 1968 முதல் 1982 வரையும், மீண்டும் 1985, 1986 ஆண்டுகளிலும் இன்றைய ஓரியோல்ஸ் அணியை நடத்திய அவர் தொண்ணூறு முறைக்கு மேல் வெளியேற்றப்பட்டார். ஒரே நாளில் நடந்த இரண்டு ஆட்டங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட நாள்களும் அவற்றுள் அடங்கும். குள்ளமான உருவமுடைய அவர் உயரமான நடுவர்களின் மார்புக்கு முன் நின்று அண்ணாந்து கத்தும்போது, தொப்பியின் முன்விளிம்பு அவர்கள் மேல் இடித்துவிட்டால் ‘உடல் தொடுதல்’ என்ற குற்றம் சேர்ந்துவிடும் என்று கணக்கிட்டு, வாதத்துக்குப் புறப்படும் முன்பே தொப்பியைப் பின்புறமாகத் திருப்பிப் போட்டுக்கொள்வார். கண்மண் தெரியாத கோபம் என்று கூட்டம் எண்ணிய ஒன்றின் நடுவே இவ்வளவு நுட்பமான முன்யோசனை இருந்தது என்பதே வீவரைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல்.

அவர்தம் வாதங்களுள் ஒன்று முழுமையாக ஒலிப்பதிவாகி நிலைத்துவிட்டது. 1980 செப்டம்பர் 17 அன்று பால்டிமோரில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தில், நடுவர் பில் ஹாலர் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக உடையில் ஒலிவாங்கி பொருத்தியிருந்தார். முதல் இன்னிங்ஸிலேயே பிட்சர் மைக் பிளானகன் ‘பால்க்’ செய்தார் என்று ஹாலர் அறிவித்தார். பேஸில் நிற்கும் ஓட்டக்காரரை ஏமாற்றும் வகையில் பிட்சர் எறியும் அசைவைத் தொடங்கி நிறுத்துவது பால்க் எனப்படும் குற்றம், அதற்குத் தண்டனையாக ஓட்டக்காரர்கள் ஒரு பேஸ் முன்னேறுவர். வீவர் பாய்ந்து வந்தார், உடனே வெளியேற்றப்பட்டார், அதன் பிறகுதான் உண்மையான வாதம் தொடங்கியது. பதிவைக் கேட்போருக்கு வியப்பளிப்பது, பால்க் பற்றிய பேச்சு சில வாக்கியங்களிலேயே முடிந்துவிடுவதும், மீதமுள்ள நிமிடங்கள் முழுவதும் நீ பொய்யன், நான் இல்லை, நீ என்மீது விரல் வைத்தாய், வைக்கவில்லை என்று இரு நடுவயதினர் பள்ளிப் பிள்ளைகளைப் போல ஒருவரையொருவர் திருப்பித் திருப்பிச் சாடிக்கொள்வதும்தான். புகழ்க்கூடத்தில் யார் இடம்பெறுவார் என்று சில ஆண்டுகளில் தெரியும் என்று வீவர் சவால் விட, எதற்காக இடம்பெறுவாய் என்று ஹாலர் எள்ளுகிறார். 1996இல் வீவர் அங்கே இடம்பெற்றார்.

மேனேஜர் என்னும் கேடயம்

வீவரிடம் நாடகம் மிகுந்திருந்தது. வாதத்தின் பயனை அறிய விரும்புவோர் பார்க்க வேண்டியது பாபி காக்ஸை. அட்லாண்டா பிரேவ்ஸ் அணியை இரு காலகட்டங்களிலும், இடையே டொரண்டோ புளூ ஜேஸ் அணியையும் நடத்திய அவர், 2007 ஆகஸ்ட் 14 அன்று மெக்ராவின் சாதனையைக் கடந்தார். அன்று அவர் வெளியேற்றப்பட்டதற்குக் காரணம் தம் பேட்டர் சிப்பர் ஜோன்ஸுக்கு எதிராகச் சொல்லப்பட்ட மூன்றாம் ஸ்ட்ரைக். 2010இல் ஓய்வு பெறும்போது அவருடைய எண்ணிக்கை வழக்கமான ஆட்டங்களில் மட்டும் 162 என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் கணக்கு. ஒரு மேஜர் லீக் அணி ஒரு பருவத்தில் ஆடும் ஆட்டங்களும் 162 என்பதால், முழுப் பருவம் ஒன்றையே அவர் உடை மாற்றும் அறையில் கழித்தார் என்று சொல்வதில் மிகை இல்லை. உலகத் தொடர் எனப்படும் இறுதிப்போட்டியிலும் 1992, 1996 ஆகிய இரு ஆண்டுகளில் அவர் வெளியேற்றப்பட்டார். ஆயினும் இதே காக்ஸ்தான் 1991 முதல் 2005 வரை, வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்ற 1994 நீங்கலாக, தம் அணிக்குத் தொடர்ந்து 14 முறை பிரிவு முதலிடம் பெற்றுத் தந்து, 1995இல் உலகத் தொடரையும் வென்றவர்.

162, 14 ஆகிய இந்த இரண்டு எண்களும் ஒரே மனிதருக்கு உரியவையாக இருப்பது முரண்பாடு போலத் தோன்றினும், காரணத்தை ஆராய்ந்தால் முரண் கரைந்துவிடுகிறது. ஸ்ட்ரைக் தீர்ப்பால் சினந்த பேட்டர் திரும்பி நின்று நடுவரிடம் பேசத் தொடங்கினால், அடுத்த சில விநாடிகளில் அவர் வெளியேற்றப்படலாம்; பேஸ்பாலில் வெளியேறியவர் மீண்டும் அந்த ஆட்டத்தில் ஆட இயலாது என்பதால் அணி தன் சிறந்த பேட்டரை இழக்கும். மேனேஜர் ஓடிவந்து இருவருக்கும் இடையே புகுந்து, கத்தும் வேலையைத் தாம் ஏற்றுக்கொண்டால், இழப்பு மேனேஜரோடு நின்றுவிடும். அவருடைய வேலையை உதவிக் கோச் ஒருவர் அன்றிரவு பார்த்துக்கொள்வார். பேட்டருக்கோ, தனக்காகத் தன் தலைவர் அடி வாங்கினார் என்ற நன்றியுணர்வு பருவம் முழுவதும் மிஞ்சும். காக்ஸின் அணிக்காக ஆடியோர் அவர்பால் காட்டிய பற்றுக்கு இதுவும் ஒரு காரணம் என்பது வெளிப்படை. கூடவே, இன்றைய தீர்ப்பை மாற்ற முடியாவிட்டாலும் நாளைய ஐயத்துக்குரிய பந்தில் நடுவர் சற்றே தயங்குவார் என்ற எதிர்பார்ப்பும் மேனேஜர்களிடம் உண்டு. நடுவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை.

ஒருவர் வெளியேறினால் திறக்கும் வாசல் எதிர்பாராத மற்றொருவருக்குப் பயன்படுவதும் உண்டு. 2022 ஏப்ரல் 12 அன்று சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியின் முதல் பேஸ் கோச் அந்துவான் ரிச்சர்ட்சன் வெளியேற்றப்பட்டபோது, அவருடைய இடத்தில் நிற்க உள்ளிருந்து அழைக்கப்பட்டவர் உதவிக் கோச் அலிசா நாக்கன். மேஜர் லீக் ஆட்டமொன்றில் களத்தில் நின்று பணியாற்றிய முதல் பெண் கோச் என்ற வரலாறு அவ்வாறு ஒரு வெளியேற்றத்தின் விளைவாகவே எழுதப்பட்டது.

பிடுங்கிச் சென்ற பேஸ்

கேடயம் வேடமாகத் திரிந்த காலங்களும் இருந்தன. லூ பினியெல்லா 1990இலும் 2002இலும் முதல் பேஸைத் தரையிலிருந்து பிடுங்கி எறிந்தார். பிட்ஸ்பர்க் பைரட்ஸ் மேனேஜர் லாய்ட் மெக்லெண்டன் 2001 ஜூன் 26 அன்று, வெளியேற்றப்பட்டதும் முதல் பேஸைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டக்அவுட்டுக்கே கொண்டுபோய்விட்டார். ஓட்டக்காரர் பந்து எறியப்படும் வேளையில் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதை ‘பேஸ் திருட்டு’ என்று பேஸ்பாலில் அழைப்பதால், உண்மையான பேஸ் திருட்டு அதுதான் என்று வேடிக்கையாகச் சொல்லப்படலாயிற்று. நியூயார்க் மெட்ஸ் மேனேஜர் பாபி வாலன்டைன் 1999 ஜூன் 9 அன்று வெளியேற்றப்பட்ட சிறிது நேரத்தில், கறுப்புக் கண்ணாடியும், கண்ணுக்கடியில் ஒட்டும் கறுப்புப் பட்டையைக் கொண்டு செய்த ஒட்டுமீசையுமாக டக்அவுட்டின் ஓரத்தில் வந்து நின்றார், கேமரா கண்டுகொண்டது, 5,000 டாலர் அபராதமும் இரண்டு ஆட்ட இடைநீக்கமும் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் சிகரமாக, கீழ்நிலை லீக் ஒன்றின் மிசிசிப்பி பிரேவ்ஸ் மேனேஜர் பில் வெல்மேன் 2007 ஜூன் 1 அன்று சட்டனூகா நகரில், ஹோம் பிளேட்டை மண்ணால் மூடி அதைவிடப் பெரிய பிளேட் ஒன்றை விரலால் வரைந்தார். பிறகு போர்வீரரைப் போலத் தரையில் தவழ்ந்துசென்று, பிட்சர்கள் கை வழுக்காமலிருக்கப் பயன்படுத்தும் ரோசின் தூள் பையை எடுத்து, கையெறி குண்டின் ஊசியைப் பல்லால் கடித்து இழுப்பதுபோல் பாவனை செய்து நடுவரை நோக்கி வீசினார்.

நியூயார்க் யாங்கீஸ் மேனேஜர் பில்லி மார்ட்டின் 1988இல் நடுவர் டேல் ஸ்காட்மீது மண்ணை அள்ளி வீசியதும், மூன்று ஆட்டங்களுக்கு இடைநீக்கம் பெற்றதும் இதே வரிசையில் வருவனவே எனினும், அவை சிரிப்பதற்குரியவை அல்ல. அமெரிக்காவிலிருந்து பேஸ்பாலைப் பெற்றுக்கொண்ட ஜப்பானில், 1978ஆம் ஆண்டின் ஜப்பான் தொடர் இறுதி ஆட்டத்தில், எதிரணியின் ஹோம் ரன் (எல்லைச் சுவரைத் தாண்டும் அடி) எல்லைக் கம்பத்துக்கு வெளியே சென்றது என்று ஹாங்கியூ பிரேவ்ஸ் மேனேஜர் தோஷிஹாரு உவேதா எழுப்பிய ஆட்சேபம் 1 மணி 19 நிமிடம் ஆட்டத்தை நிறுத்திவைத்தது. தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

தவறிய கண்ணும் தவறாத கேமராவும்

மேனேஜர்களின் கூச்சல் பல வேளைகளில் நியாயமானது என்பதையும் மறைக்கலாகாது. 1985 அக்டோபர் 26 அன்று உலகத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி வெற்றிக்கு மூன்று விக்கெட்டுகள் என்று கிரிக்கெட் மொழியில் சொல்லத்தக்க நிலையில் முன்னணியில் இருந்தபோது, தெளிவாக ஆட்டமிழந்த கான்சஸ் சிட்டி ராயல்ஸ் ஓட்டக்காரர் ஹோர்ஹே ஓர்த்தா முதல் பேஸைப் பாதுகாப்பாகத் தொட்டார் என்று நடுவர் டான் டென்கிஞ்சர் அறிவித்தார். அந்தத் திருப்பத்தில் ராயல்ஸ் வென்றது. மறுநாள் ஏழாம் ஆட்டத்தில் ஹோம் பிளேட் நடுவராக நின்றவரும் அவரே. கார்டினல்ஸ் 11-0 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் மேனேஜர் வைட்டி ஹெர்சாக்கை டென்கிஞ்சர் வெளியேற்றினார்.

இதற்கு நேரெதிரான நிகழ்ச்சி 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்டில் நடந்தது. எதிரணியின் 27 பேட்டர்களையும் ஒருவர்கூட பேஸ் அடையாமல் வீழ்த்தும் ‘முழுமை ஆட்டம்’ என்னும் அரிய சாதனையின் கடைசிப் படியில் நின்ற பிட்சர் அர்மாண்டோ கலராகாவுக்கு, 27ஆவது பேட்டர் விஷயத்தில் நடுவர் ஜிம் ஜாய்ஸ் தவறான தீர்ப்பளித்தார். கலராகா வாதிடாமல் புன்னகைத்துவிட்டு ஆட்டத்தை முடித்தார். காணொளியைப் பார்த்த ஜாய்ஸ் தம் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்டம் தொடங்கும் முன், அணிப்பட்டியலை நடுவரிடம் கொடுக்கும் வேலைக்கு மேனேஜர் ஜிம் லேலண்ட் அனுப்பியது கலராகாவை. அதைக் கண்ணீரோடு வாங்கிக்கொண்டார் ஜாய்ஸ். நூற்றுக்கணக்கான வெளியேற்றங்கள் நடுவரின் பிழையைப் பற்றிச் சொல்லாத ஒன்றை அந்தக் காகிதக் கைமாற்றம் சொல்லிவிட்டது.

இத்தகைய பிழைகள் திரும்பத் திரும்பத் திரையில் ஓடியதன் விளைவாக, 2014 முதல் பெரும்பாலான களத் தீர்ப்புகளைக் காணொளி மூலம் மறுஆய்வு செய்யக் கோரும் உரிமை மேனேஜருக்கு அளிக்கப்பட்டது. இறுதி முடிவு நியூயார்க்கிலுள்ள மையத்தில் அமர்ந்திருக்கும் நடுவர்களுடையது. மறுஆய்வு முடிவை எதிர்த்து வாதிட்டால் வெளியேற்றம் உறுதி என்பது அந்த ஏற்பாட்டின் நிபந்தனை. தொடங்கிய ஒரு மாதத்துக்குள்ளேயே, ஏப்ரல் 13 அன்று, பாஸ்டன் மேனேஜர் ஜான் ஃபேரல் அதற்கு முதல் பலியானார். பேஸ் பிடுங்கிகளின் யுகம் அத்துடன் முடிந்தது எனலாம். மறுஆய்வுக்கு அப்பாற்பட்டதாகப் பெரும்பாலும் ஸ்ட்ரைக் மண்டலமே எஞ்சியதால், வாதங்களில் பெரும்பகுதி அந்தப் பதினேழு அங்குலத்தில் வந்து குவிந்தது. 2025ஆம் ஆண்டின் வெளியேற்றங்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஸ்ட்ரைக், பால் தொடர்பானவை. யாங்கீஸ் மேனேஜர் ஏரன் பூன், 2024 ஏப்ரல் 22 அன்று ஆட்டத்தின் முதல் பேட்டர் முடிந்ததுமே வெளியேற்றப்பட்டார். முன்னதாக எச்சரிக்கை பெற்று அவர் வாய்மூடி நின்றபோது, டக்அவுட்டுக்கு மேலிருந்த பார்வையாளர் ஒருவர் கத்தியதை நடுவர் ஹன்டர் வெண்டல்ஸ்டெட் அவர் கணக்கில் எழுதிவிட்டார். நாக்கை அடக்கிய ஒரே தருணத்தில் தண்டிக்கப்பட்ட பூனின் நிலை, இருதரப்பு நரம்புகளும் எவ்வளவு முறுக்கேறியிருந்தன என்பதற்குச் சான்று.

2026 பருவத்துக்கென ஏற்கப்பட்டுள்ள தானியங்கிப் பந்து அறுதியிடும் முறை அந்தக் கடைசிப் புகலிடத்தையும் தொடுகிறது. அதன்படி ஒவ்வோர் அணிக்கும் ஓர் ஆட்டத்தில் இரண்டு மேல்முறையீடுகள் உண்டு; முறையீடு சரியென்றால் அது குறையாது. பேட்டர், பிட்சர், கேட்சர் ஆகிய மூவரில் ஒருவர் மட்டுமே, டக்அவுட்டின் உதவியின்றி, தொப்பியையோ ஹெல்மெட்டையோ உடனடியாகத் தட்டி அதைக் கோரலாம். கேமராக்கள் அளந்த பந்தின் பாதை அரங்கத் திரையில் தோன்றிச் சில விநாடிகளில் முடிவு தெரிந்துவிடும். மண்டலத்தின் மேல்விளிம்பு பேட்டரின் உயரத்தில் 53.5 விழுக்காடு, கீழ்விளிம்பு 27 விழுக்காடு என்று தசமப் புள்ளியோடு வரையறுக்கப்பட்டுள்ளது. 2025ஆம் ஆண்டின் பயிற்சி ஆட்டங்களில் இதைச் சோதித்தபோது, முறையீடுகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவை வென்றன. அதாவது மனம் கொதித்து முறையிட்டோரில் ஏறத்தாழ பாதிப் பேர் தவறு, நடுவரே சரி. இந்த ஏற்பாட்டில் கூர்ந்து நோக்கத் தக்கது, மேனேஜருக்கு இதில் இடமே இல்லை என்பது. தம் ஆளுக்காக எழுந்து நிற்கும் பணி அந்த ஆளிடமே ஒப்படைக்கப்பட்டுவிட்டது.

சிறுவர் மைதானத்தில் எஞ்சுவது

இழப்பை மட்டும் எண்ணி ஏங்குவோர், தொலைக்காட்சியில் ரசிக்கப்பட்ட இந்தக் காட்சிகள் எங்கெல்லாம் நகலெடுக்கப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். மேஜர் லீக் நடுவர் தொழில்முறை ஊதியம் பெறுபவர். அவருக்குப் பின்னால் சங்கமும் விதியும் காவலும் இருக்கின்றன. அவரிடம் கத்தும் மேனேஜருக்கு எழுதப்படாத இலக்கணம் மனப்பாடம். ஊர்ச் சிறுவர் லீக்கில் நடுவராக நிற்பவரோ பெரும்பாலும் தன்னார்வலர் அல்லது பதின்வயது மாணவர். அவரிடம் பாய்ந்து வரும் தந்தைக்குக் கிளெம்மின் கோடும் தெரியாது, வீவரின் திருப்பிய தொப்பியும் தெரியாது, தெரிந்ததெல்லாம் அவற்றின் உரத்த குரல் மட்டுமே. எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து, 2018-19 பருவத்துக்குப் பின் சில ஆண்டுகளில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் நடுவர்களில் சுமார் 50,000 பேர் பணியை விட்டு விலகினர் என்று அப்பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு தெரிவித்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டெனினும், பயிற்சியாளர்களும் பெற்றோரும் பார்வையாளர்களும் பொழியும் வசை அவற்றுள் முதன்மையான ஒன்று.

ஆகவே கழிக்க வேண்டியதும் காக்க வேண்டியதும் தெளிவு. சரியான தீர்ப்பைக் கேமரா விரைவாகவும் வசையின்றியும் தருமானால், அதற்காகக் கிளப்பப்பட்ட தூசி இனி தேவையில்லை. பேட்டரின் சினத்தைத் தம்முடையதாக்கிக்கொண்டு, தண்டனையைத் தாம் ஏற்று, தம் ஆளைக் களத்திலேயே விட்டுச்செல்லும் தலைமைப் பண்பு மட்டும் எந்தக் கருவியாலும் ஈடு செய்யப்படாமல் நிற்கும். கத்துபவருக்கு நடுவரின் பணி எத்தகையது என்று உணர்த்தும் வழியை ஒரு சிற்றூர் நிர்வாகம் ஏற்கெனவே கண்டுவிட்டது. நியூ ஜெர்சி மாநிலத்தின் டெப்ட்ஃபர்ட் சிறுவர் லீக், வசை தாங்காமல் நடுவர்கள் விலகியதை அடுத்து, 2023இல் ஒரு விதி இயற்றியது: நடுவரைத் திட்டும் பார்வையாளர், தாமே மூன்று ஆட்டங்களுக்கு நடுவராக நின்ற பிறகுதான் மீண்டும் மைதானத்துக்குள் அனுமதிக்கப்படுவார்.